காசு கல்லாகும், காணி ஆகாது: அம்பாறைக் கரையோரத்தில் நேரடிப் பண உதவியும் வீடும்

1. கேள்வி

2005 ஆம் ஆண்டு, சுனாமியில் வீடிழந்த அம்பாறைக் கரையோர மக்களை அரசு ஒரு கோடு போட்டு இரண்டாகப் பிரித்தது. கடலிலிருந்து 200 மீற்றருக்குள் குடியிருந்தவர்கள் பழைய வளவில் திரும்பக் கட்டக்கூடாது. கொடையாளி நிறுவனங்கள் வேறிடத்தில் கட்டித் தரும் வீட்டுக்காக அவர்கள் காத்திருக்க வேண்டும். கோட்டுக்கு அப்பால் இருந்தவர்களுக்குக் காசு. முற்றாக இடிந்த வீட்டுக்கு 250,000 ரூபா நான்கு தவணைகளாகவும், பகுதியாகச் சேதமடைந்த வீட்டுக்கு 100,000 ரூபா இரண்டு தவணைகளாகவும் அவர்களின் வங்கிக் கணக்கில் வைப்பிலிடப்பட்டது. தெற்கிலும் மேற்கிலும் அதே கோடு 100 மீற்றரில் நின்றது. வடக்கு, கிழக்குக்கு மட்டும் இரட்டிப்பானது ஏன் என்ற கேள்விக்கு அன்று கிடைத்த விளக்கங்கள் எவரையும் திருப்திப்படுத்தவில்லை.

2004 டிசம்பர் 26 அன்று இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் இங்கே மாண்டனர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊருக்கு ஊர் கடற்கரை வீதிகள் அழிந்தன. அந்த அழிவின் மேல் ஒரே கரையில், ஒரே காலத்தில், இரண்டு வகை உதவிகள் நடைமுறைக்கு வந்தன. ஆய்வாளர் ஒருவர் விரும்பியும் அமைக்க முடியாத ஒப்பீடு இது.

ஏழைக் குடும்பமொன்றின், குறிப்பாகப் பிறர் வயலில் குத்தகைக்கோ கூலிக்கோ பாடுபடும் குடும்பமொன்றின் கையில் பணத்தை நேரடியாகக் கொடுத்தால் அதன் வீடு மேம்படுகிறதா, எந்த இடத்தில் அந்த மேம்பாடு நின்றுவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பணம் வேலை செய்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் கல்முனைக் கரையில் வீட்டுப் பிரச்சினையின் பெரும் பகுதி நிலத்திலும், அந்த நிலத்தின் உறுதியில் எழுதப்படும் பெயரிலும் இருக்கிறது. அவை இரண்டையும் தொடாத பண உதவி பாதி வழியில் நின்றுவிடுகிறது என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

2. இதுவரை அறியப்பட்டவை

பண உதவி பற்றி உலக அளவில் அதிகம் பேசப்படும் சான்று கென்யாவிலிருந்து வருகிறது. 2011 முதல் 2013 வரை மேற்குக் கென்யாவின் ராரியேடா பகுதியில் கிவ்டைரக்ட்லி நிறுவனம் எந்த நிபந்தனையும் இன்றிக் குடும்பங்களுக்குப் பணம் அனுப்பியது. தெரிவுக்கான அளவுகோல் எளிமையானது: கூரை புல்லால் வேயப்பட்டிருக்க வேண்டும். ஜொஹனஸ் ஹவுஸ்ஹோபரும் ஜெரமி ஷபிரோவும் 2016 இல் வெளியிட்ட ஆய்வின்படி, பணம் பெற்றவர்களிடையே தகரக் கூரைக்கு மாறியோரின் விகிதம் பெறாதவர்களைவிட 20 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் கூடியிருந்தது. மதுவுக்கும் புகையிலைக்கும் செலவு கூடவில்லை. கூரை வேய்வதற்கு ஆண்டுதோறும் போகும் செலவு மிச்சமாவதால், தகரம் அந்தக் குடும்பங்களுக்கு முதலீடாகவும் அமைந்தது. ஏழையிடம் காசு கொடுத்தால் கரைத்துவிடுவான் என்ற பழைய சந்தேகத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு அரிது.

பின்னர் சியாயா மாவட்டத்தின் 653 கிராமங்களில், பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களுக்குப் பணம் வழங்கி நடத்திய ஆய்வு 2022 இல் வெளிவந்தது. கொடுத்த ஒவ்வொரு டொலரும் உள்ளூர்ப் பொருளாதாரத்தில் இரண்டரை டொலர் அளவுக்குப் பெருகியது என்றும், விலைவாசி ஏறக்குறைய அசையவில்லை என்றும் அது கண்டது.

இந்தச் சான்றுகளை அப்படியே கல்முனைக்குக் கொண்டுவர முடியாது. கென்யக் குடும்பத்துக்குக் குடிசை எளியதாக இருந்தாலும் அதன் கீழ் நிலம் இருந்தது. பணம் வந்ததும் கூரையை மாற்றினால் போதும். விலைவாசி அசையாததற்கும் காரணம் உண்டு. அங்கே கொடுக்கப்பட்ட பணம் பல தேவைகளுக்குப் பிரிந்து போனது. 2005 இல் இலங்கையில் கரை முழுவதும் ஒரே நேரத்தில் மேசன்மாரையும் மணலையும் கல்லையும் தேடியது. விலை ஏறாமல் என்ன செய்யும்?

நமக்குக் கிட்டிய சான்று குஜராத். 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்துக்குப் பின் அங்கே பெரும்பான்மையான குடும்பங்கள் அரசுப் பணத்தைத் தவணைகளாகப் பெற்றுத் தாமே கட்டின. அங்கு கள ஆய்வு செய்த ஜெனிபர் டுயின் பாரன்ஸ்டைன், ஒப்பந்தகாரர்கள் புதிய இடத்தில் கட்டிக் கொடுத்த வீடுகளில்தான் மனக்குறை மிகுதி என்று கண்டார். தமிழ்நாட்டில் சுனாமிக்குப் பின் அதற்கு நேர்மாறான பாதை தெரிவு செய்யப்பட்டது. நாகப்பட்டினத்துக் கரையில் தொண்டு நிறுவனங்கள் வரிசை வரிசையாகக் கொங்கிறீற் தளம் போட்ட வீடுகளைக் கட்டின. அதற்காகச் சேதமில்லாத பழைய வீடுகளும் நிழல் மரங்களும்கூட அகற்றப்பட்டதை அவரே பதிவு செய்திருக்கிறார்.

இலங்கைக்கு இது புதிய பாடமும் அல்ல. ஆர். பிரேமதாசவின் பத்து இலட்சம் வீடுகள் திட்டம் 1984 முதல் 1989 வரை இதே எண்ணத்தில்தான் நடந்தது. அரசு கட்டாது, சிறு கடன் கொடுக்கும், குடும்பம் தன் வசதிக்கேற்பக் கட்டிக்கொள்ளும். அன்று உலக அரங்கில் பாராட்டுப் பெற்ற அந்த அணுகுமுறையை, 2005 இல் கொடையாளிகளின் பணம் வந்து குவிந்தபோது நாடு பாதி மறந்திருந்தது.

3. கரைவாகில் வீடு என்பது

கரைவாகுப் பற்று என்று பழைய ஆவணங்கள் குறிக்கும் இந்தப் பகுதியின் நில அமைப்பைப் பார்க்காமல் மேலே போக முடியாது. கிழக்கே கடல். மேற்கே வயல். நடுவே ஒரு மணல் பட்டி. கல்முனை, சாய்ந்தமருது முஸ்லிம்கள் அந்தப் பட்டிக்குள்தான் நெருங்கி வாழ்கிறார்கள். இலங்கையின் மிக அடர்ந்த குடியிருப்புகளில் இதுவும் ஒன்று. மேற்கே விரியும் வட்டைகளுக்குச் சேனநாயக்க சமுத்திரத்திலிருந்து கல்லோயா வாய்க்கால்கள் நீர் கொண்டுவருகின்றன. அம்பாறை நாட்டின் முன்னணி நெல் மாவட்டங்களில் ஒன்றாக இருப்பதும் அதனால்தான். ஆனால் வயலை நிரப்பி வீடு கட்ட 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் அனுமதி கேட்கிறது. அனுமதி எளிதில் கிடைப்பதில்லை. நெல்லுக்கு அது நியாயம், குடும்பத்துக்கு அது நெருக்கடி.

விவசாயக் குடும்பத்தின் வருமானம் பெரும்போகத்திலும் சிறுபோகத்திலுமாக ஆண்டில் இரு முறை வருகிறது. வயலுக்குச் சொந்தக்காரரான போடியாருக்குக் குத்தகை, உரக்கடைக்குக் கடன், இயந்திரக் கூலி எல்லாம் போன பின் மிஞ்சுவதில்தான் வீடு வளரும். ஒரு போகத்தில் அத்திவாரம், அடுத்ததில் சுவர். கிடுகுக் கூரை பல ஆண்டுகள் நின்று பிறகுதான் ஓடாகவோ சீட்டாகவோ மாறும். பூசாத சுவரும் கதவில்லாத அறையும் இந்த ஊர்களில் வறுமையின் அடையாளம் மட்டுமல்ல. அடுத்த அறுவடையை எதிர்பார்த்து நிற்கும் கட்டடங்கள் அவை.

யாருக்காகக் கட்டுகிறார்கள் என்பதுதான் இதில் மிக முக்கியம். அக்கரைப்பற்றில் 1969 இலிருந்து ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, இக்கரையின் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடி முறையைப் பகிர்வதை விரிவாக எழுதினார். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். வீடு மகளுக்குச் சீதனம். மூத்த மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்த பெற்றோர், அதே வளவில் பக்கத்தில் இன்னொன்று கட்டி அடுத்த மகளுடன் அதற்குள் போகிறார்கள். மூன்று பெண் பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் தகப்பனின் உழைப்புக் காலம் முழுவதும் மூன்று வீடுகளில் கரைகிறது. வளவும் மூன்றாகப் பிரிகிறது. அடுத்த தலைமுறையில் பிரிப்பதற்கு நிலமே இல்லை.

வீடு மேம்பட்டதா என்று இங்கே அளக்க வருபவர் கூரையை மட்டும் பார்த்தால் போதாது. கட்டி முடித்தது மகளின் வீடா, இனிக் கட்ட வேண்டியவை எத்தனை, அதற்கு இடம் உண்டா என்றும் கேட்க வேண்டும்.

4. இரண்டரை இலட்சம் என்ன செய்தது

காசு பெற்றவர்கள் முந்திக்கொண்டார்கள். நாடு முழுவதிலும் உரிமையாளர் தாமே கட்டிய வீடுகள் கொடையாளிகளின் வீடுகளைவிட விரைவாக முடிந்தன. காரணம் எளிது. அவர்களுக்கு இடம் தேட வேண்டியதில்லை, ஒப்பந்தம் கோர வேண்டியதில்லை. தவணை முறையும் அறுவடைக்கு அறுவடை கட்டும் பழக்கத்தோடு பொருந்திப் போனது. அத்திவாரம் முடிந்ததைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்த்து உறுதிப்படுத்தினால் அடுத்த தவணை வரும். சொந்த உழைப்பு, உறவினர் உதவி, வெளிநாட்டிலிருக்கும் மகன் அனுப்பும் பணம், விற்ற நகை எல்லாம் அதோடு சேர்ந்தன.

ஆனால் தொகை போதவில்லை. கொடையாளிகள் கட்டும் வீட்டுக்குக் குறைந்தது 500 சதுர அடி என்று அளவு விதிக்கப்பட்டிருந்தது. அத்தகைய வீட்டுக்கு அவர்கள் செலவிட்டது பெரும்பாலும் இரண்டரை இலட்சத்தைப் போல் இரு மடங்குக்கு மேல். கட்டுமானச் செலவு ஏறியபோது, செஞ்சிலுவைச் சங்கம் உள்ளிட்ட சில அமைப்புகள் தாம் வேலை செய்த இடங்களில் மேலதிகத் தொகை கொடுத்தன. மற்ற இடங்களில் வீடு லிண்டல் மட்டத்திலேயே நின்றது. உலக வங்கி ஆதரித்த வடக்குக் கிழக்கு வீடமைப்பு மீள்கட்டுமானத் திட்டம் போரில் இடிந்த வீடுகளுக்கு முதலில் 250,000 ரூபா என்று தொடங்கி, பின்னர் 325,000 ரூபாவாக உயர்த்தியதும் இந்த அனுபவத்தின் விளைவே.

இன்னொரு தடை, காணி உரிமைச் சான்று. கோட்டுக்குள் இருந்தவர் காணி உரிமை இல்லாமலும் வீடு பெறலாம். கோட்டுக்கு வெளியே காசு பெற வேண்டுமானால் நிலம் தன்னுடையது என்று காட்ட வேண்டும். உறுதிப் பத்திரங்களை அலை கொண்டுபோயிருந்தது. பல வளவுகள் வாய்ச் சொல்லால் பிரிக்கப்பட்டவை. ஒரு கூரையின் கீழ் இரண்டு, மூன்று குடும்பங்கள் வாழ்ந்த இடத்தில், வீட்டுக்கு வீடு என்ற கொள்கை ஒன்றைத்தான் எண்ணியது.

5. கட்டிக் கொடுத்த வீடுகள்

கோட்டுக்குள் இருந்தவர்களின் கதை நீளமானது. 2006 அளவில் கோடு தளர்த்தப்பட்டது. மருதமுனையில் இன்றும் 65 மீற்றர் வீட்டுத்திட்டம் என்று ஒரு குடியிருப்பு அழைக்கப்படுவது அந்தத் திருத்தத்தின் எச்சம். ஆனால் இடையில் கழிந்த காலம் மக்களுடையது. கல்முனையில் கட்டுவதற்கு நிலம் இல்லாததால் கிறீன் பீல்ட் போன்ற தொடர்மாடிகள் எழுந்தன. சாய்ந்தமருதில் வெனிசுவேலாவின் உதவியை நினைவூட்டும் பெயரோடு பொலிவேரியன் கிராமம் உருவானது. தலைக்கு மேல் கூரை கிடைத்தது பெரிய விடயம்தான். ஆனால் தொடர்மாடியில் வளவு இல்லை, கிணறு இல்லை, இரண்டாவது மகளுக்கு அடுத்த வீடு எழுப்ப இடமும் இல்லை. ஒரு தலைமுறையோடு முடிந்துவிடும் வீடு அது.

அக்கரைப்பற்று நுரைச்சோலையில் நடந்தது வேறு வகை. சவூதி அரேபியாவின் நிதியில் 500 வீடுகள் கட்டப்பட்டன. அவை முஸ்லிம்களுக்கு மட்டும் போகக்கூடாது என்று உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. பகிர்ந்தளிப்பு நின்றது. பத்தாண்டுக்கும் மேலாக அந்த வீடுகள் ஆளின்றிக் காடு மண்டிக் கிடந்தன. அதே காலத்தில், தேவை குறைவாக இருந்த ஹம்பாந்தோட்டையில் தேவைக்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன.

பண உதவியின் ஆதரவாளர்கள் அதிகம் பேசாத ஒரு நன்மை இங்கே தெரிகிறது. 500 வீடுகள் ஓரிடத்தில் எழுந்தால் அது இன விகிதாசாரப் பிரச்சினையாகிறது. சுனாமி உதவியைப் பகிர்வதற்காக அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையில் 2005 ஜூனில் கைச்சாத்தான பொதுக் கட்டமைப்பு உடன்படிக்கை முஸ்லிம்களை ஒதுக்கியதென்ற மனக்குறையும், அடுத்த மாதமே நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளை இடைநிறுத்தியதும் அந்தக் காலத்தின் சூழல். பணம் 500 கணக்குகளுக்குள் தனித்தனியே போனால் அதை எதிர்த்து ஊர்வலம் போக எவருக்கும் ஓர் இடம் கிடைப்பதில்லை. அரசியல் பகை கூடிய மாவட்டத்தில் இது சிறிய நன்மை அல்ல.

6. யார் பெயரில்

உதவிப் படிவங்கள் எல்லாம் குடும்பத் தலைவரைக் கேட்டன. அதிகாரிகளின் வழக்கத்தில் அது ஆண். சுனாமிக்குப் பின் குடும்பத்துக்கு மாதம் 5,000 ரூபா என்று வந்த நிவாரணத்திலிருந்து வீட்டு மானியம் வரை இதே கட்டம்தான். வீடு மரபாகப் பெண்ணுடையதாக இருந்த கரையில், அரசுப் பணத்தால் எழுந்த வீட்டின் பத்திரம் கணவன் பெயருக்குப் போகும் வழி இப்படித் திறந்தது. கிழக்கின் பெண் தலைமைக் குடும்பங்களை ஆய்ந்த காஞ்சனா ருவன்புர, தாய்வழி மரபு இருப்பதாலேயே பெண்ணிடம் அதிகாரம் இருப்பதாகக் கொள்ளக்கூடாது என்று ஏற்கெனவே எச்சரித்திருந்தார். மரபு கொடுத்த சிறு பாதுகாப்பையும் படிவம் கரைத்தது என்றே சொல்ல வேண்டும்.

குடும்பங்கள் சும்மா இருக்கவில்லை. மெக்கில்வ்ரேயும் பற்றீசியா லோரன்சும் 2010 இல் எழுதிய கட்டுரை, சுனாமி வீடுகளை மகள்மாரின் சீதனமாக்கப் பெற்றோர் வகுத்த வியூகங்களைக் காட்டுகிறது. அதிகாரிகளின் பார்வையில் அது முறைகேடு. இரண்டு குமர்கள் உள்ள வீட்டுப் பெற்றோருக்கோ அது கடமை. இந்த இடத்தில் இக்கட்டுரை பெற்றோரின் பக்கம் சாய்கிறது. விதிதான் ஊரை அறியாமல் எழுதப்பட்டிருந்தது.

7. கடன், ஸக்காத், அஸ்வெசும

போருக்குப் பின் இந்திய அரசு அறிவித்த 50,000 வீடுகளில் மிகப் பெரும்பாலானவை வடக்கிலும் கிழக்கிலும் உரிமையாளர்களாலேயே கட்டப்பட்டன. 2012 ஒக்டோபரில் தொடங்கிய அந்தக் கட்டத்தில் வீட்டுக்கு 550,000 ரூபா நேரே வங்கிக் கணக்குக்குச் சென்றது. எண்ணிக்கையில் அது வெற்றி. ஆனால் கொழும்பின் வறுமை ஆய்வு நிலையம் வடக்கில் செய்த ஆய்வு, வீட்டை முடிப்பதற்காகக் குடும்பங்கள் நகையை அடகு வைத்தும் நுண்கடன் எடுத்தும் கடனாளியானதைக் காட்டியது. அடுத்த தவணை வர வேண்டுமானால் முந்திய கட்டம் முடிந்திருக்க வேண்டும். முடிக்கக் காசு இல்லையென்றால் கடன்தான். பணம் குறைவாகவும் விதித்த அளவு பெரிதாகவும் இருந்தால், உதவியே கடனுக்கு வாசலாகிறது. மானியத்துக்குள் முடியும் சிறு வீட்டைக் கட்டி, பிறகு நீட்டிக்கொள்ள அனுமதிப்பதே ஏழைக்கு உகந்தது. கரைவாகு விவசாயி எப்போதும் அப்படித்தான் கட்டினார்.

முஸ்லிம் ஊர்களுக்குச் சொந்தமான ஒரு பண உதவி முறையும் உண்டு. நெல்லுக்கு ஸக்காத் கடமை. ஏறத்தாழ 650 கிலோவுக்கு மேல் விளைந்தால், மழையாலோ தானே பாயும் நீராலோ விளைந்ததில் பத்தில் ஒன்று, செலவு செய்து நீர் பாய்ச்சினால் இருபதில் ஒன்று. அதைப் பள்ளிவாசல் வழியாகத் திரட்டி, வீடு திருத்தவும் மலசலகூடம் கட்டவும் கொடுக்கும் வழக்கம் பல ஊர்களில் வேரூன்றியிருக்கிறது. பெறுபவரின் உடைமையாக்கிக் கொடுக்க வேண்டும் என்ற பிக்ஹு (இஸ்லாமியச் சட்டவியல்) நிபந்தனை, இன்றைய நேரடிப் பண உதவியின் கொள்கைக்கு மிக நெருங்கியது. பல நூற்றாண்டுகள் மூத்ததும்கூட. அறுவடை முடிந்ததும் கிடைக்கும் பணம் என்பதால் மேசன் வேலைக்கும் காலம் பொருந்துகிறது. அதன் வரம்பு தொகையில் இருக்கிறது: சிறு தொகைகளாகப் பலருக்குப் பிரியும்போது அரிசிக்கும் மருந்துக்கும்தான் போகும். பெறுபவரைக் குறைத்துத் தொகையைக் கூட்டினால்தான் கூரை எழும். எவரை விடுவது என்பதில் நிருவாகங்கள் தடுமாறுவதும் இயல்பே.

2023 இல் சமுர்த்தியின் இடத்துக்கு வந்த அஸ்வெசும, இன்றைய அரசின் நேரடிப் பணம். வறியோர் பிரிவுக்கு மாதம் 8,500 ரூபாவாகத் தொடங்கிய தொகை 2025 இல் 10,000 ரூபாவானது. 2021 நடுப்பகுதியில் 1,000 ரூபா அளவில் இருந்த 50 கிலோ சீமெந்துப் பை, 2022 நெருக்கடியில் 3,000 ரூபாவை நெருங்கியது. பிறகு இறங்கினாலும் பழைய விலைக்குத் திரும்பவில்லை. பை 2,000 ரூபா என்று வைத்தாலும், ஒரு மாத உதவி முழுவதும் ஐந்து பை சீமெந்து. சாப்பாட்டுக்குப் போன பின் சுவருக்கு எதுவும் மிஞ்சாது.

அதைவிட மோசமானது தெரிவு முறை. 22 சுட்டிகளைக் கொண்டு குடும்பங்களைத் தரப்படுத்தும்போது வீட்டின் நிலையும் ஓர் அளவுகோல். கூரையை மாற்றிய குடும்பம் அடுத்த மீளாய்வில் வறுமைப் புள்ளி இழக்கலாம். கென்யாவில் புல் கூரை உதவிக்கு நுழைவாயிலாக இருந்தது; ஒரு முறை நுழைந்தவர் மாற்றிக்கொண்டார், கதை முடிந்தது. மாதா மாதம் தொடரும் உதவியில் அதே அளவுகோல், குடிசையைக் குடிசையாகவே வைத்திருக்கச் சொல்கிறது.

எனவே பிரதேச செயலகங்களிடமும் கொடையாளிகளிடமும் ஊர் நிருவாகங்களிடமும் கேட்க வேண்டியவை இவை. வீட்டுக்கான பணத்தை மாத உதவியிலிருந்து பிரித்து, ஒரே தடவையில் பெரிய தொகையாகக் கொடுக்க வேண்டும். வெள்ளம் வடிந்து பெரும்போக அறுவடை முடியும் மாசி, பங்குனியில் அது கைக்கு வர வேண்டும். வாய்ச் சொல்லால் பிரிந்த வளவுகளுக்கு உறுதி எழுதும் செலவையும் மானியத்தில் சேர்க்க வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் குடும்பத் தலைவர் என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, வீடு யார் பெயரில் எழுதப்படும் என்ற கட்டத்தைப் போட வேண்டும். அதை மனைவியோ மகளோ தன் கையெழுத்தில் நிரப்பட்டும்.